பேனலுக்கு ஒரு தாள், பேட்டரிக்கு ஒரு தாள்: பட்டுக்கோட்டை வீடொன்றின் சோலார் விரிவாக்கம்

வீட்டு மாடியில் ஏற்கெனவே சோலார் வைத்திருப்பவர்கள் சில ஆண்டுகள் கழித்துக் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான்: "இன்னும் கொஞ்சம் பேனல் போட்டு, கூடவே பேட்டரியும் வைத்துவிட்டால் மின்கட்டணமே வராதல்லவா?" இந்தக் கேள்விக்குள் இரண்டு வேறு தேவைகள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. கட்டணத்தைக் குறைப்பது பேனல். மின்சாரம் போனபோது வீட்டை ஓட்டுவது பேட்டரி. இரண்டையும் ஒரே கணக்கில் போட்டால் தேவைக்கு மிஞ்சிய பேட்டரியை வாங்க நேரும், அல்லது அவசரத்துக்கு உதவாத ஒன்று வீட்டில் இருக்கும். பட்டுக்கோட்டை அருகே ஒரு வீட்டில் 2024இல் நாங்கள் செய்த விரிவாக்கத்தை இந்தப் பிரிவினை தெளிவாகத் தெரியும்படி எழுதுகிறேன்.

வீடு ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவருடையது. கீழ்த்தளத்தில் அவரும் மனைவியும்; மேல்தளத்தில் வீட்டிலிருந்தே வேலை பார்க்கும் மகனின் குடும்பம். 2018 நவம்பர் 16 அதிகாலையில் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்த கஜா புயல் இந்தப் பகுதியின் தென்னந்தோப்புகளை வேரோடு சாய்த்தது. மின்கம்பங்களும் சேர்ந்து விழுந்தன. ஊர்ப்புறங்களில் மின்சாரம் திரும்ப வாரக்கணக்கில் ஆனது. அந்த நாள்களின் நினைவில்தான் அடுத்த ஆண்டு அவர்கள் சோலார் போட்டார்கள்: 325 வாட் பாலிகிரிஸ்டலைன் பேனல்கள் 10, ஆக 3.25 கிலோவாட், ஒரு 3 கிலோவாட் இன்வெர்ட்டர், மின்வாரியத்தின் இருவழி மீட்டர்.

2020 டிசம்பரில் புரெவி புயல் மன்னார் வளைகுடாவில் நின்று டெல்டாவில் மழையைக் கொட்டியபோது மின்சாரம் போனது. சோலாரும் கூடவே நின்றது. மழை விட்டு வெயில் வந்த பிறகும் அது ஓடவில்லை. "தம்பி, தலைக்கு மேல் வெயில் அடிக்கிறது, விசிறி ஓடவில்லை. கஜாவுக்குப் பயந்து போட்ட சோலார் மழைக்கே நின்றுவிட்டதே, இது என்ன நியாயம்?" என்று ஆசிரியர் என்னிடம் முதல் சந்திப்பில் கேட்டார். முதலில் அமைத்துக்கொடுத்த நிறுவனம் இதை அவருக்குச் சொல்லவே இல்லை. மின்வாரியக் கம்பியோடு இணைந்து ஓடும் சாதாரண இன்வெர்ட்டர், கம்பியில் மின்னழுத்தம் இல்லையென்றால் உடனே நின்றுவிட வேண்டும் என்பது விதி. பழுதுபார்க்கக் கம்பத்தில் ஏறியிருக்கும் ஊழியரின் உயிருக்கான பாதுகாப்பு அது. அதனால் பேட்டரியும், பேனல், பேட்டரி, மின்வாரியக் கம்பி மூன்றையும் சேர்த்து இயக்கும் ஹைப்ரிட் இன்வெர்ட்டரும் இல்லாத வீட்டில் மின்தடையின்போது எத்தனை பேனல் இருந்தாலும் பயனில்லை.

எனவே முதல் சந்திப்பிலேயே இரண்டு தாள்களை எடுத்துவைத்தேன். ஒன்றின் தலைப்பு கட்டணம், மற்றொன்றின் தலைப்பு மின்தடை.

கட்டணத் தாளை முடிப்பது எளிது. மேல்தளத்தில் இரண்டு ஏசி, கீழே ஒன்று, இண்டக்ஷன் அடுப்பு, மின்சார ஸ்கூட்டர் என்று கூடிக்கொண்டே போய் ஏப்ரல், மே மாதங்களில் வீட்டின் மொத்தப் பயன்பாடு இரண்டு மாதத்துக்கு ஏறத்தாழ 2,000 யூனிட்டைத் தொட்டிருந்தது. பழைய பேனல்கள் தருவது 740 அளவில். மீதி 1,260 யூனிட்டுக்கு, 2024 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்த வீட்டுக் கட்டண விகிதப்படி கணக்கிட்டால் சுமார் 10,000 ரூபாய் வருகிறது. அந்த விகிதத்தில் முதல் 100 யூனிட் இலவசம், 400 வரை யூனிட்டுக்கு 4.80, 500ஐத் தாண்டியதும் 8.55, 1,000ஐத் தாண்டியதும் 11.80 என்று ஏறும் அடுக்கில் சோலார் குறைப்பது எப்போதும் உச்சி யூனிட்டுகளைத்தான். அதனால்தான் அதிகம் பயன்படுத்தும் வீட்டுக்கு சோலார் அதிகம் தருகிறது. 300 யூனிட் வீட்டுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது.

புதிதாக 540 வாட் மோனோ பேனல்கள் 8, அதாவது 4.32 கிலோவாட் சேர்ப்பது என்று முடிவானது. இந்தப் பகுதியில் வெயில் காலத்தில் ஒரு கிலோவாட் நாளுக்கு நான்கு யூனிட்டும் அதற்குச் சற்று மேலும் தரும். வடகிழக்குப் பருவமழை மாதங்களில் மூன்றுக்கும் கீழே இறங்கிவிடும். பழையதும் புதியதும் சேர்ந்தால் கோடையில் ஏறத்தாழ 1,820 யூனிட், நவம்பர், டிசம்பரில் 1,240 யூனிட் அளவில் வரும். வீட்டின் தேவையும் அதே வளைவில்தான் ஏறி இறங்குகிறது. இதற்கு மேல் பேனல் போடுவதை நான் தடுத்தேன். உபரியைக் கம்பிக்கு அனுப்பி வருமானம் பார்க்கும் ஏற்பாடல்ல இது. சோலார் உற்பத்தியின்மீது நெட்வொர்க் கட்டணமும் உண்டு.

மானியத்தைக் கணக்கில் சேர்க்கவில்லை. 2024 பிப்ரவரியில் தொடங்கிய பிரதமர் சூரிய வீடு திட்டத்தின் உச்சவரம்பே 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய்தான். இவர்கள் முதல் 3 கிலோவாட்டுக்கு முன்பே மானியம் பெற்றவர்கள். பேட்டரிக்கு அத்திட்டத்தில் தனி மானியம் கிடையாது.

இனி மின்தடைத் தாள். என் வேலை நேரத்தில் பெரும்பகுதி இதற்கே போனது. போக வேண்டியதும் இதற்குத்தான்.

மகன் இணையத்தில் பார்த்துவிட்டு 15 கிலோவாட்-மணி, அதாவது 15 யூனிட் கொள்ளும் பேட்டரி வேண்டும் என்றார். "பகலில் கம்பிக்குப் போகும் யூனிட்டையெல்லாம் பேட்டரியில் பிடித்து வைத்து இரவில் எடுத்துக்கொண்டால் லாபம்தானே?" என்பது அவர் வாதம். இருவழி மீட்டர் இருக்கும் வீட்டில் அது லாபமில்லை. பகலில் போன யூனிட் இரவில் கணக்கில் அப்படியே திரும்பிவிடுகிறது. அதையே பேட்டரிக்குள் ஏற்றி இறக்கினால் பத்தில் ஒரு பங்கு வெப்பமாகப் போகும். பேட்டரியின் ஆயுளும் தேயும். ஏற்றுமதிக்கு மிகக் குறைந்த விலை கொடுக்கும் இடங்களில் கதை வேறு. கலிஃபோர்னியாவில் 2023 ஏப்ரலில் விதி மாறி, கம்பிக்குக் கொடுக்கும் மின்சாரத்தின் மதிப்பு சுமார் கால் பங்காகக் குறைந்த பிறகு அங்கே புதிதாகச் சோலார் வைப்பவர்களில் பெரும்பாலோர் பேட்டரியும் சேர்த்தே வைக்கிறார்கள். நம் ஊர் வீட்டுக்கு அந்தக் காரணம் இன்று இல்லை. எனவே பேட்டரியின் அளவை உபரி யூனிட்டை வைத்துத் தீர்மானிக்கக் கூடாது. மின்தடை நாளில் எது நிற்கவே கூடாது என்பதை வைத்துத்தான் தீர்மானிக்க வேண்டும்.

ஆசிரியரின் மனைவியிடம் அதைக் கேட்டோம். அவர் தயங்கவில்லை. "தண்ணீர், ஃபிரிட்ஜில் இன்சுலின், இரவில் விசிறி. மற்றதெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம்" என்றார். கஜாவை அனுபவித்தவர் போட்ட பட்டியல் அது. மகன் தன் வேலைக்காக இணைய ரூட்டரையும் மடிக்கணினியையும் சேர்த்தார். விளக்குகள், மிக்சி, நெபுலைசர் சேர்ந்தன. ஏசியும் இண்டக்ஷன் அடுப்பும் வெளியே நின்றன.

ஐந்து விசிறிகள் நாளுக்குப் பத்து மணி நேரம் ஓடினால், பழைய 75 வாட் விசிறிகளுக்கு 3.75 யூனிட் வேண்டும். அவற்றை, பிரஷ் இல்லாத மோட்டாரில் ஓடும் 30 வாட் பி.எல்.டி.சி. விசிறிகளாக மாற்றினால் 1.5 யூனிட் போதும். ஐந்து விசிறியின் விலை ஏறத்தாழ 15,000 ரூபாய், மிச்சமாகும் 2.25 யூனிட்டைத் தரும் பேட்டரியின் விலை அதைப் போல மூன்று மடங்கு. எந்தப் பேட்டரித் திட்டத்திலும் முதல் செலவு விசிறியில்தான் இருக்க வேண்டும் என்று அழுத்திச் சொல்வேன். ஃபிரிட்ஜ் 1.2, மற்றவை எல்லாம் சேர்த்து 1.5 அளவில் வந்தன. ஆக நாளுக்கு 4.2 யூனிட். இதோடு ஹைப்ரிட் இன்வெர்ட்டர் தன்னை இயக்கிக்கொள்ளவே 60, 70 வாட் எடுக்கும். அது நாள் முழுக்க ஓடுவதால் 1.6 யூனிட். விற்பனைத் தாள்களில் இந்த எண் கண்ணில் படாது. மொத்தம் 5.8.

தண்ணீருக்கான தீர்வு பேட்டரியில் இல்லை. போர்வெல் மோட்டார் கிளம்பும் நொடியில் ஓட்ட மின்னோட்டத்தைப் போல நாலைந்து மடங்கு இழுக்கும். அதைத் தாங்குவதற்காக மட்டும் இன்வெர்ட்டரைப் பெரிதாக்குவது வீண் செலவு. வீட்டில் 6,000 லிட்டர் சம்ப் இருக்கிறது. புயல் எச்சரிக்கை வந்ததும் மின்சாரம் இருக்கும்போதே சம்பையும் மேல்நிலைத் தொட்டியையும் நிரப்பிவிட வேண்டியது. மின்தடையில் சம்பிலிருந்து மேலே ஏற்ற அரைக் குதிரைத்திறன் மோட்டார் ஒன்று போதும். ஒரு நாள் தேவைக்கு அரை யூனிட்கூட ஆகாது. தண்ணீராகச் சேமிப்பதைப்போல மலிவான சேமிப்பு மின்சாரத்தில் இல்லை.

பேட்டரியை லித்தியம் இரும்பு பாஸ்ஃபேட் வகையில் 51.2 வோல்ட், 100 ஆம்பியர்-மணி கொண்ட பெட்டிகள் இரண்டாக வைத்தோம். மொத்தம் 10.24 கிலோவாட்-மணி, 90 சதவீதம் வரை இறக்கினால் 9.2 கிடைக்கும். ஒரே பெட்டி ஓர் இரவுக்குப் போதும்தான். ஆனால் இந்த ஊரில் நீண்ட மின்தடை வருவது வடகிழக்குப் பருவமழையில். வானம் மூடிக்கிடக்கும் நாளில் 7.57 கிலோவாட் பேனலும் நாலு முதல் ஏழு யூனிட் தருவதே அரிது. பேட்டரி அதிகம் தேவைப்படும் மாதமும் பேனல் குறைவாகத் தரும் மாதமும் ஒன்றே. ஒரு முழு இருட்டு நாளைத் தாண்டி, அடுத்த நாள் ஓரளவு வெளிச்சம் வரும்வரை வீட்டை நிறுத்திவைக்க இரண்டாவது பெட்டி தேவைப்பட்டது. 15 கிலோவாட்-மணி தேவைப்படவில்லை. அதுவரை வீட்டில் இருந்த 150 ஆம்பியர்-மணி டியூபுலர் பேட்டரியைக் கழற்றிவிட்டோம். காகிதத்தில் 1.8 கிலோவாட்-மணி, பாதிக்கு மேல் இறக்கினால் சீக்கிரம் செத்துவிடும் வகை அது.

பழைய பேனல்களைப் புதியவற்றோடு எப்படிச் சேர்ப்பது என்பதில் மூன்று வழிகளை எடைபோட்டோம். ஒரே வரிசையில் கோப்பது முதலிலேயே தள்ளுபடியானது. பழைய பேனலின் உச்சத்திறன் மின்னோட்டம் 8.7 ஆம்பியர், புதியதன் மின்னோட்டம் 13. தொடராகக் கோத்தால் முழு வரிசையும் சிறிய மின்னோட்டத்துக்கு இறங்கிவிடும். புதிய பேனலின் மூன்றில் ஒரு பங்கு திறன் தண்டமாகும். பல வீடுகளில் "நாலு பேனல் சேர்த்துக் கட்டிவிட்டோம், யூனிட் ஏறவே இல்லை" என்று புலம்பக் கேட்டிருக்கிறேன். காரணம் பெரும்பாலும் இதுதான்.

பழைய 3 கிலோவாட் இன்வெர்ட்டரை அப்படியே ஹைப்ரிடின் பேக்கப் பக்கத்தில், அதாவது மின்தடையிலும் மின்சாரம் தரும் பக்கத்தில், இணைப்பது இரண்டாவது வழி. மின்தடையில் ஹைப்ரிட் தானே ஒரு சிறு மின்வாரியம்போல நின்று மின்னழுத்தம் கொடுக்கும். பழையது அதை நம்பி ஓடும். பேட்டரி நிரம்பி உபரி வந்தால் ஹைப்ரிட் அதிர்வெண்ணை 50 ஹெர்ட்ஸுக்கு மேல் உயர்த்தி, பழையதைக் குறைக்கச் சொல்லும். புதிய இன்வெர்ட்டர்கள் படிப்படியாகக் குறைப்பவை. இந்தப் பழையதோ சட்டென்று நின்று, சில நிமிடம் காத்து, மீண்டும் கிளம்பும் ரகம். புயல் நாளில் அதை நம்ப எனக்கு மனம் வரவில்லை.

ஆகவே மூன்றாவது வழி: பழைய இன்வெர்ட்டரை ஓய்வுக்கு அனுப்பிவிட்டு, பேனல் வரிசையின் உச்சத்திறனைத் தேடி எடுக்கும் எம்.பி.பி.டி. உள்ளீடுகள் இரண்டு கொண்ட 6 கிலோவாட் மூன்று-ஃபேஸ் ஹைப்ரிட் ஒன்றில் பழைய வரிசையை ஒன்றிலும் புதிய வரிசையை மற்றொன்றிலும் தனித்தனியே இணைத்தோம். தமிழ்நாட்டில் 4 கிலோவாட்டைத் தாண்டினால் இணைப்பு மூன்று ஃபேஸில் இருக்க வேண்டும். வீட்டிலும் மூன்று-ஃபேஸ் இணைப்பே இருந்தது. அந்த ஹைப்ரிடின் எம்.பி.பி.டி. வேலை செய்ய வரிசையில் குறைந்தது 200 வோல்ட் வேண்டும். எட்டு புதிய பேனல்கள் தொடராக 332 வோல்ட் தரும். உச்சி வெயிலில் பேனல் 65 டிகிரிக்குச் சூடானாலும் 285க்குக் கீழே இறங்காது. ஆறு பேனல் மட்டும் போட்டிருந்தால் சூட்டில் 214 வரை வந்து விளிம்பில் நின்றிருக்கும். எட்டு என்ற எண்ணிக்கைக்கு இதுவும் ஒரு காரணம். சோலார் திறன் ஒப்பளிக்கப்பட்ட மின்பளுவைத் தாண்டக் கூடாது என்பதால், 5 கிலோவாட்டாக இருந்த மின்பளுவை 8 ஆக உயர்த்தி, திறன் கூட்டும் விண்ணப்பத்தையும் மின்வாரியத்தில் கொடுத்தோம். அனுமதி வருமுன் புதிய வரிசையை இயக்கவில்லை.

மாடியில் கவனம் முழுதும் காற்றின்மேல் இருந்தது. எட்டு பேனல்களின் எடை 225 கிலோ. கான்கிரீட் தளத்துக்கு அது ஒரு பாரமே இல்லை. பிரச்சினை மேலே தூக்கும் விசையில். விநாடிக்கு 50 மீட்டர் காற்று ஒரு சதுர மீட்டரில் ஏறத்தாழ 150 கிலோ அழுத்தம் தரும். எட்டு பேனல்களின் பரப்பு 20 சதுர மீட்டர். அதாவது மூன்று டன் அளவிலான விசைக்குத் தாங்கும் பிடிமானம் வேண்டும். கீழே நடமாட இடம் கிடைக்கும் என்று எட்டு அடி உயரச் சட்டம் கேட்டார் மகன். உயர்ந்த சட்டத்தின் அடியில் காற்று புகுந்து தூக்கும் என்பதால் தாழ்வான சட்டமே வைத்தோம். சாய்வு 10 டிகிரி, தெற்கு நோக்கி. ஊரின் அட்சரேகைக்கு அது பொருத்தம், காற்றுக்கும் கொடுக்கும் முகம் குறைவு. கால்களைத் தூண்கள் வரும் இடங்களில் இறக்கி, வேதிப்பசை ஆங்கர் போல்ட்டால் பிடித்து, நீர்க்கசிவுத் தடுப்பு பூசினோம். பழைய சட்டத்தின் கால்கள் வெறும் கான்கிரீட் கட்டைகளில் நின்றன. அவற்றையும் தளத்தோடு பிணைத்தோம்.

பேட்டரியை மாடிப்படி முகப்பின் தகரக் கூரைக்குக் கீழ் வைக்கச் சொன்னார்கள். மே மாதத்தில் அங்கே கை வைக்க முடியாத சூடு. லித்தியம் பேட்டரியின் ஆயுளைத் தின்பது சூடுதான். கீழ்த்தளத்தின் வடக்குப் பக்கச் சாமான் அறையில், படுக்கையறைக்கும் வெளியேறும் வழிக்கும் விலகி, வெள்ளத்தை நினைத்துத் தரையிலிருந்து ஒன்றரை அடி உயர இரும்புத் தாங்கியில் வைத்தோம்.

ஒப்படைப்புச் சோதனையில் மெயின் சுவிட்சை அணைத்ததும் வீடு இமைக்கும் நேரத்தில் பேட்டரிக்கு மாறியது. ஆனால் ஃபிரிட்ஜும் சிறு மோட்டாரும் மிக்சியும் ஒரே ஃபேஸில் இருந்ததால், மூன்றும் சேர்ந்தபோது அந்த ஃபேஸ் மிகைப்பளு காட்டியது. 6 கிலோவாட் என்பது மூன்று ஃபேஸுக்கும் சேர்த்த எண். ஒரு ஃபேஸுக்கு வருவது 2 கிலோவாட்தான். மோட்டாரைத் தனி ஃபேஸுக்கு மாற்றியதும் சரியானது.

அதைவிட முக்கியமான சோதனை எர்த்துடையது. சோலார் வைத்திருக்கும் ஒவ்வொருவரும் இதைக் கேட்டுச் சரிபார்க்க வேண்டும் என்று மனதார விரும்புகிறேன். மின்வாரிய மின்சாரம் இருக்கும்போது நியூட்ரல், டிரான்ஸ்ஃபார்மரில் எர்த்தோடு இணைந்திருக்கும். மின்தடையில் இந்த ஹைப்ரிட் கம்பியிலிருந்து நியூட்ரலையும் துண்டித்துவிடுகிறது. அப்போது வீட்டு நியூட்ரலுக்கு எர்த் தொடர்பே இல்லை. ஃபிரிட்ஜின் உடலில் மின்கசிவு ஏற்பட்டாலும் மின்னோட்டம் திரும்பிவரப் பாதை இராது, மின்கசிவைக் கண்டதும் மின்சாரத்தைத் துண்டிக்க வேண்டிய ஆர்.சி.சி.பி. சுவிட்ச் விழாது. ஆர்.சி.சி.பி.யின் சோதனைப் பொத்தான் மட்டும் நன்றாக வேலை செய்யும், ஏனெனில் அதற்கு எர்த் தேவையில்லை. பொத்தானை அழுத்திப் பார்த்துவிட்டு நிம்மதியாகப் போகும் ஆள்கள் இருக்கிறார்கள். பேக்கப் ஓடும்போது மட்டும் நியூட்ரலை எர்த்தோடு இணைத்து, கம்பி மின்சாரம் வந்ததும் பிரித்துவிடும் ரிலே ஒன்று வேண்டும். எங்கள் இன்வெர்ட்டரில் அதற்கான வெளியீடு இருந்தது; ஆலையிலிருந்து வரும்போது அந்த அமைப்பு அணைக்கப்பட்டிருந்தது. ரிலேயைப் பொருத்தி, அமைப்பை இயக்கி, மெயினை அணைத்த நிலையில் சோதனைக் கருவியால் ஃபேஸுக்கும் எர்த்துக்கும் இடையே கசிவு கொடுத்துப் பார்த்து, ஆர்.சி.சி.பி. விழுந்த பிறகே கையெழுத்திட்டோம்.

செலவு மொத்தம் ஐந்தேகால் லட்சத்தைத் தொட்டது. இதையும் இரண்டு தாளில் பிரித்துக் காட்டினேன். வெறும் பேனலையும் சாதாரண இன்வெர்ட்டரையும் மட்டும் சேர்த்திருந்தால் இரண்டேகால் லட்சத்துக்குள் முடிந்திருக்கும். கட்டணத்தில் ஆண்டுக்கு 30,000 ரூபாய் அளவில் குறைவதால் அந்தத் தொகை ஏழெட்டு ஆண்டுகளில் திரும்பும். மீதி மூன்று லட்சம் மின்தடைக்கான செலவு. அது பணமாகத் திரும்பாது. "ஐயா, இது புயலுக்காகக் கொடுக்கும் பணம், லாபம் என்று நினைத்துக் கொடுக்காதீர்கள்" என்று ஆசிரியரிடம் சொன்னேன். அவர் மனைவியைப் பார்த்தார். "இன்சுலின் கெட்டுப்போய் அலைந்தது நான்தானே, போடுங்கள்" என்றார் அந்த அம்மா.

இயக்கும் முறையை ஆண்டின் இரு பகுதிக்கும் தனித்தனியாக அமைத்திருக்கிறோம். ஜனவரி முதல் செப்டம்பர் வரை பேட்டரி 65 சதவீதத்தில் நிற்கும். முழுதாக நிரம்பிச் சூட்டில் கிடப்பது அதன் ஆயுளுக்குக் கேடு. செல்களின் சமநிலைக்காக அவ்வப்போது மட்டும் முழுதாக ஏறும். அக்டோபரில் 100க்கு உயர்த்தி, டிசம்பர் கடைசி வரை அப்படியே வைப்பது. பகலில் வெயில் போதவில்லை என்றால் மின்வாரிய மின்சாரத்திலிருந்தே நிரப்பிக்கொள்ளும்.

காலை ஒன்பதிலிருந்து மாலை வரை நீளும் மாதாந்திரப் பராமரிப்பு மின்நிறுத்தத்தில் வெயில் இருந்ததால் பேட்டரியை அது தொடவே இல்லை. நவம்பர் மழையில் ஓர் இரவு மின்சாரம் போய் மறுநாள் மதியம் வந்தபோது பேட்டரியில் பாதிக்கு மேல் மீதமிருந்தது. இப்போது மகன் போர்வெல் மோட்டாரையும் பேக்கப்பில் சேர்க்கச் சொல்கிறார். மென்தொடக்கம் கொடுக்கும் வி.எஃப்.டி. கருவி பொருத்தி, பகல் வெயிலில் மட்டும் ஓடும்படி செய்தால் அது முடியும். மூன்றாவது பேட்டரிப் பெட்டிக்கு முன் அந்தக் கருவியைத்தான் வாங்க வேண்டும் என்பது என் முடிவு. மேற்கே இருக்கும் இரண்டு தென்னைகளின் நிழல் மாலை மூன்று மணிக்கு மேல் பழைய வரிசையில் விழுகிறது. புயலில் அவற்றின் மட்டை விழும் இடமும் அதுவே. பக்கத்துத் தோட்டக்காரரிடம் ஆசிரியர் பேசிக்கொண்டிருக்கிறார்.